சர்க்கரைவள்ளி இல்லாத கிழங்குக் கடை

"சர்க்கரைவள்ளி இருக்காம்மா?"

"இல்ல."

"நாளைக்கு வருமா?"

"வராது."

"அட, கிழங்குக் கடைன்னு இவ்வளவு பெருசா பலகை மாட்டியிருக்கீங்க. சர்க்கரைவள்ளி இல்லன்னா எப்படி?"

"சேனை இருக்கு, சேம்பு இருக்கு. மரவள்ளி காலையிலதான் வந்துச்சு, பாருங்க, வெட்டின இடத்துல பால்கூட காயல."

வந்தவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்துக் கடை வெங்காயக்காரி, தராசுத் தட்டில் ஒட்டியிருந்த சருகை ஊதித் தள்ளியபடி, "புதுசா குடி வந்தவ போல இருக்கு. விடுங்க அண்ணி," என்றாள்.

சந்தையின் மூன்றாவது வரிசையில் இருந்த அந்தக் கடையில், மண்ணுக்குள் விளைவதெல்லாம் கிடைக்கும், ஒன்றைத் தவிர. பழைய வாடிக்கைக்காரர்களுக்கு அது தெரியும், கேட்க மாட்டார்கள். புதியவர்கள் கேட்பார்கள். ஒருத்தர் சர்க்கரைவள்ளி என்பார், இன்னொருத்தர் சீனிக்கிழங்கு என்பார், தூரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் வத்தாளை என்பார்கள். எந்தப் பெயரில் கேட்டாலும் கிழங்குக்காரி ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். பதினோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, 'இல்ல' என்பது அவள் நாக்குக்குப் பழகிவிட்டது. காதுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

பெயர்களெல்லாம் அவள் புருஷனுடைய சொத்து. "மத்த கடையில போனா ஆளு கிழங்கைத் தொட்டுக் காட்டி, 'இது குடு'ன்னு கேக்கணும். நம்ம கடையில அவங்க வீட்டுல என்ன பேரோ அதைச் சொன்னா போதும்," என்பார் கிழங்குக்காரர். மரவள்ளி என்று கேட்டவருக்கும், குச்சிக்கிழங்கு என்று கேட்டவருக்கும், கப்பக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு என்று கேட்டவருக்கும் ஒரே கூடையில்தான் கை போகும். நிலக்கடலை வாங்க வந்தவரின் பேச்சை ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "உங்க பக்கத்துல மல்லாட்டைன்னுதானே சொல்வீங்க?" என்பார். அந்த ஆள் அசந்துபோய், கால் கிலோ கூடுதலாக வாங்கிக்கொண்டு போவான். மழை விட்டதும் காட்டு ஓரத்து ஆள் ஒருவர் ஒரு காளான் கொண்டுவந்து கொட்டுவார். மண்ணுக்கு வெளியே தலையைக் காட்டாமல் உள்ளேயே உருண்டு கிடக்கிற ஜாதி. அதற்குப் பெயரே இல்லை என்று அவர் சொன்னதும், "பேர் இல்லாம ஒரு சாமானா?" என்று இவர் 'மண்பந்து' என்று வைத்தார். அடுத்த மழைக்குள் சந்தை முழுக்க அதுதான் பெயர்.

மனுஷரையும் விட்டுவைக்கவில்லை. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் 'முள்ளங்கி சார்'. நர்ஸ் அம்மாள் 'இஞ்சியம்மா'. "எனக்கும் ஒரு பேர் வைங்களேன் அண்ணே," என்று வெங்காயக்காரி ஒருநாள் கேட்டபோது, "உனக்கெதுக்கு? ஏற்கெனவே கிட்ட வர்றவன் கண்ணெல்லாம் கலங்குது," என்றார். அவள் ஒரு வாரம் சிரித்தாள்.

சொந்தப் பிள்ளைகள் மட்டும் தப்புவார்களா? மகன் கைக்குழந்தையில் பாயில் நில்லாமல் உருண்டு உருண்டு சுவரில் போய் முட்டுவான். அதனால் அவன் 'உருளை'. மூத்தவள் நடை பழகும் வயதில் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, மண்ணோடு ஒரு சர்க்கரைவள்ளியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் அதுதான். கொஞ்சும்போது 'சீனி' என்பார். கோபம் வந்தால் 'ஏய் வத்தாளை' என்பார். நல்லதும் இல்லாமல் கெட்டதும் இல்லாமல் சும்மா கூப்பிட வேண்டுமென்றால் முழுசாக, 'சக்கரவள்ளி' என்று சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவார்.

அவள் போன பிறகு அந்த மூன்று பெயரும் கடையில் ஒலிக்கவில்லை. கிழங்கும் வரவில்லை.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் கிழங்குக்காரர் சேனையை நிறுத்துக்கொண்டிருந்தார். "சே... சே..." என்றார். எதிரே நின்ற முள்ளங்கி சார், தன்னைத்தான் 'சேச்சே' என்கிறார் என்று நினைத்துச் சிரித்தார். அதற்குள் வலது கையிலிருந்த எடைக்கல் தட்டைத் தாண்டிக் காலில் விழுந்தது. விழுந்தது அவருக்குத் தெரியவேயில்லை.

உயிர் பிழைத்தார். கை கொஞ்சம், கால் கொஞ்சம் திரும்பி வந்தன. வாய் வரவில்லை.

"பேச்சு மட்டும் இல்லம்மா," என்றார் டாக்டர். "ஞாபகத்துலயும் அங்கங்க அழிஞ்சிருக்கும். எது இருக்கு, எது போச்சுன்னு போகப் போகத்தான் தெரியும்."

அவள் வீட்டுக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் அவரைக் கூட்டிப்போய் நிறுத்தினாள். நாலு பேரும் இருக்கிற படம். அவர் விரல் தன் முகத்தைத் தொட்டது, அவள் முகத்தைத் தொட்டது, நடுவில் ஒரு முகத்தைத் தாண்டி மகன் முகத்தில் நின்றது. தாண்டியது மறந்துபோனதாலா, பதினோரு வருஷமாகத் தாண்டித் தாண்டியே பழகியதாலா? விரலைப் பார்த்து எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரியின் கீழ்த் தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்து அறையில், பேச்சு டீச்சர் இருந்தாள். சின்ன வயசுக்காரி. ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய பட அட்டைகள் வைத்திருந்தாள்.

"ஐயா, இது என்ன? மழை வந்தா பிடிப்போமே... கு... கு..."

கிழங்குக்காரர் சுவரைப் பார்த்தார்.

"இது? இதுல ஏறி ஊருக்குப் போவோம்... ர... ரயி..."

அவர் ஜன்னலைப் பார்த்தார். மூன்று வாரம் இப்படியே போனது. நாலாவது வாரம் டீச்சர் அட்டைகளை மூடிவைத்துவிட்டு, "வீட்டுல ஐயாவுக்கு எதும்மா ரொம்பப் பிடிக்கும்?" என்றாள்.

"வீட்டுல என்ன இருக்கு? அவருக்கு எல்லாம் கடைதான்."

"கடையில?"

"கிழங்குதான்."

"அப்ப அதைக் கொண்டு வாங்களேன். படம் வேண்டாம். நிஜக் கிழங்கு. மண்ணோட."

அடுத்த முறை கிழங்குக்காரி துணிப்பை நிறையக் கொண்டுபோனாள். அவர் இடது கையை உள்ளே விட்டு ஒன்றை எடுத்தார். முகர்ந்தார். கட்டைவிரல் நகத்தால் தோலைச் சுரண்டினார். கடையில் பண்ணுவாரே, அதே மாதிரி.

"சே," என்றார். "சேப்... சேப்பங்கிழங்கு."

டீச்சர் கை தட்டிய தட்டில் பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்தாள். கிழங்குக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று பெயர்கள் வந்தன. இஞ்சி வந்தது. முள்ளங்கி வந்தது. சேனை, அன்றைக்கு எந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தாரோ அந்தச் சேனை, ஒரு செவ்வாய்க்கிழமை தும்மல் மாதிரி வெளியே வந்து விழுந்தது. ஒரு பெயர் வந்தால் அதன் கூடப்பிறந்த பெயர்களும் வந்தன. மரவள்ளி என்றவர், மூச்சு விடாமல், "குச்சிக்கிழங்கு, கப்பக்கிழங்கு" என்றார். கிழங்கு தவிர வேறெதற்கும் வாய் திறக்கவில்லை. தாகமெடுத்தால் சொம்பைக் காட்டுவார். பெண்டாட்டிக்கு இன்னும் பெயர் வரவில்லை.

"எனக்கு ஒரு கிழங்குப் பேரு வச்சிருந்தா இந்நேரம் கூப்பிட்டிருப்பீங்க," என்று அவள் ஒருநாள் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

ஒரு விஷயத்தை மட்டும் டீச்சர் கவனித்தாள். பையில் இருப்பதெல்லாம் மேஜைக்கு வந்த பிறகும், அவர் கை உள்ளே போய் அடித்துணியைத் துழாவியது.

"இன்னும் என்னமோ தேடுறாரும்மா. எதையாவது விட்டுட்டு வந்தீங்களா?"

"இல்ல," என்றாள் கிழங்குக்காரி.

மகன் வேறு ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவுக்குப் போன் பண்ணுவான். அப்பாவைப் பற்றி அவனாகக் கேட்க மாட்டான். அவள் சொன்னால் 'ம்' என்பான். அவர் படுத்தபோது வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நாலு நாள் உட்கார்ந்திருந்தான். கட்டிலருகே போகவில்லை. பெயர்கள் வரத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டாள்.

"அப்பாவுக்குப் பேச்சு வருதுடா."

"என்ன பேசறார்?"

"சேனைன்னாரு. இஞ்சின்னாரு. மரவள்ளிக்கு மூணு பேரு சொன்னாரு."

"நான் வரேம்மா," என்றான் மகன்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். "நிஜமாவா?"

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அவர் வாயை மூடிக்கிட்டே இருந்தப்ப கேக்கல. அப்புறம் வாயே போச்சு, இனி கேக்கவே முடியாதுன்னு நினைச்சேன். இப்ப வருதுன்னா, மறுபடி போறதுக்குள்ள கேட்டுடணும்."

"என்ன கேள்வி?"

"விளக்கு ஏன் இறக்கலன்னு."

கிழங்குக்காரி சுவரோடு சாய்ந்தாள்.

"உருளை, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"வரும்போது... ஸ்வெட்டர் எடுத்துட்டு வா. இங்க காலையில குளிருது."

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கடைக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. குழி என்றால் வெறும் பள்ளமல்ல. பன்னிரண்டு படி இறங்கினால் ஒரு சின்ன அறை, மூன்று பக்கமும் மணல் பரப்பிய தட்டுகள், மேலே இரும்பு மூடி. எந்த வெயிலுக்கும் கிழங்கு வாடாது. ஆனால் நாலு நாள் மூடியே கிடந்தால், உள்ளே இருக்கிற காற்றைக் கிழங்கே குடித்துவிடும். ஒரு கூடை அழுகினால் கேட்கவே வேண்டாம், இறங்கினவன் ஏற மாட்டான். அதனால் குழி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூடியைத் திறந்ததும் ஒரு சிமினி விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்குவார்கள். சுடர் நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால், திறந்துபோட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். விளக்கு இறங்காமல் கிழங்குக்காரர் ஒருநாளும் இறங்கியதில்லை, யாரையும் இறங்க விட்டதுமில்லை.

ஆறு நாள் மழை. சந்தையே மூடிக் கிடந்தது. ஏழாம் நாள் காலை கடை திறந்ததும், கிழங்குக்காரர் லாரியில் சரக்கு இறக்கச் சந்தை வாசலுக்குப் போய்விட்டார். ஹாஸ்டல் சமையல்காரர் வந்து நின்றார்.

"ரெண்டு கூடை சர்க்கரைவள்ளிம்மா. சீக்கிரம். வண்டியை நடு வழியில நிறுத்தியிருக்கேன், திட்டுறாங்க."

மேலே ஒரு கிழங்குகூட இல்லை. எல்லாம் குழிக்குள்.

"அம்மாடி, கீழ போய் எடுத்துட்டு வா."

"அம்மா, விளக்குல எண்ணெய் இல்லம்மா."

"அதுக்கு இப்ப எண்ணெயைத் தேடிக்கிட்டு நிக்கணுமா? வண்டி நிக்குதுடி. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடிப் போய் ஓடி வா."

பெண் சிரித்தாள். இருபத்திரண்டு வயசுக் கழுதை. இரண்டு கன்னத்தையும் பலூன் மாதிரி உப்பிக் காட்டி, மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, குழந்தைகள் குளத்தில் முங்குகிற மாதிரி படியிறங்கினாள். உப்பிய கன்னத்தோடு ஒரு தடவை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் சிரித்தாள்.

அவ்வளவுதான்.

கத்தல் கேட்டு ஓடிவந்த கிழங்குக்காரர், ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு இறங்கினார். அவர் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது, அவள் கையில் ஒரு கிழங்கு இருந்தது. போலீஸ்காரர் நோட்டை விரித்து, "யார் உள்ள அனுப்புனது?" என்று கேட்டார். கிழங்குக்காரி வாயைத் திறந்தாள். அதற்குள், "நான்," என்றார் கிழங்குக்காரர். "நான்தான் அனுப்பினேன். விளக்கு இறக்கல."

மகனுக்கு அப்போது இருபது வயசு. பக்கத்திலேயே நின்றான். அந்த நிமிஷம் அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

ஸ்டேஷன் தாழ்வாரத்தில் அவள் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பையனுக்கு ஒருத்தராவது மிச்சம் இருக்கணும்," என்றார்.

அந்த விஷயத்தைப் பற்றி அவர் பேசிய கடைசி வார்த்தை அது. குழியை மண் கொட்டி மூடி, மேலே சிமென்ட் பூசி, தன் முக்காலியை அதன் மேல் போட்டுக்கொண்டார். பதினோரு வருஷம் அங்கேதான் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார். ஒரே ஒரு தடவை அவள், "நான்தானேங்க..." என்று ஆரம்பித்தாள். "கடையைப் பாரு," என்றார். அவர் செய்தது காப்பாற்றியதா, தண்டித்ததா என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவர் வாயால், 'போதும், சொல்லிடு' என்று ஒரு வார்த்தை வந்தால் சொல்லிவிடலாம் என்றே வருஷங்களை ஓட்டிவிட்டாள். உண்மையைச் சொல்லப்போனால், வராதவரைக்கும் நல்லதுதான் என்று இருந்த நாட்களும் உண்டு. மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவானே.

அவன் வருகிற நாளுக்கு முந்தின நாள், கிழங்குக்காரி கடையை வெங்காயக்காரியிடம் விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போனாள். அங்கே ஒரு தள்ளுவண்டி.

"சர்க்கரைவள்ளி இருக்கா?"

வண்டிக்காரன் குனிந்திருந்த தலையை நிமிர்த்தினான். சந்தைக்காரன்தான். அவளை அவனுக்குத் தெரியும். "நீங்களாம்மா கேக்கறீங்க?" என்றான்.

"நான்தான். ஒண்ணு போதும்."

அவன் ஒரு கூடையையே கிளறி, சிவப்பாக, கைக்கு அடக்கமாக, மண் காயாத ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அவள் கையை நீட்டினாள். கனம் உள்ளங்கைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

பையின் அடியில் அதைப் போட்டு மற்றதையெல்லாம் மேலே அடுக்கினாள். அந்தப் பெயர் வந்தால் கூடவே எல்லாம் வரும் என்று கணக்குப் போட்டாள். குழி வரும், விளக்கு வரும், பெண் வருவாள். வந்துவிட்டால் இவர் மகன் எதிரில் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மறுபடி 'நான்' என்றாலும் சரி, 'இவள்' என்றாலும் சரி. எதுவானாலும் அதைப் பிடித்துக்கொண்டு தன் வாயும் திறந்துவிடும். முதல் வார்த்தையை அவரே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். இப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கப் பார்க்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

மகன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நேரே ஆஸ்பத்திரிக்கே வந்தான். முன் தலை நரைத்திருந்தது. 

"பையனா? ரொம்ப நல்லதாப் போச்சு," என்றாள் டீச்சர். "ஐயா, யார் வந்திருக்காங்க பாருங்க!"

கிழங்குக்காரர் மகனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "வா," என்றார். "வா... வாங்க."

கிழங்கல்லாத முதல் சொல். டீச்சர் துள்ளிக் குதிக்காத குறை. மகன், "ம், வந்தேன்," என்றான்.

பை மேஜைக்கு வந்தது. இஞ்சி என்றார். பீட்ரூட் என்றார். சேனைத் துண்டை எடுத்து, சேனை என்று சொல்லிவிட்டு, அது அரிக்கும் என்பதற்கு அடையாளமாகத் தொண்டையைச் சொறிந்து காட்டினார். டீச்சர் சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. கிழங்குக்காரி பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து, அந்தக் கை வழக்கம்போல அடித்துணியைத் துழாவப் போனது.

நின்றது.

வெளியே வந்தபோது கையில் கிழங்கு இருந்தது. மகன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "அம்மா, என்ன பண்றே நீ?"

"பேசாம இரு."

கிழங்குக்காரர் அதை முகர்ந்தார். சட்டையில் தேய்த்து மண்ணைத் துடைத்தார். கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார். அவருக்குத் தடுக்கவில்லை, திக்கவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து சந்தை வாசல்வரை கேட்கிற அந்தப் பழைய குரல், மணி மாதிரி வந்தது.

"சக்கரவள்ளி. சீனிக்கிழங்கு. வத்தாளை."

"மூணு பேரு!" என்று டீச்சர் எழுந்தே நின்றுவிட்டாள். "ஒரே மூச்சுல மூணு பேரு! ஐயா, இதுவரைக்கும் இவ்வளவு தெளிவா சொன்னதே இல்ல நீங்க!"

கிழங்குக்காரர் சிரித்தார். நல்ல சிரிப்பு. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் சிரிப்பு. கிழங்குக்காரி அந்த முகத்தில் தேடினாள், கண்ணில் தேடினாள், வாயோரத்தில் தேடினாள். ஒரு நிழல்கூட இல்லை. பெயர் திரும்பி வந்துவிட்டது. பெயருக்குள் யாருமில்லை.

மகன் குனிந்து அவர் முகத்துக்கு நேரே வந்தான். "இது யார் பேரு? தெரியுதா உங்களுக்கு?"

"கிழங்கு."

"கிழங்கு இல்ல. அக்கா."

"அக்...கா," என்றார். புதுச் சொல் கிடைத்தது போல இன்னொரு தடவை சொன்னார், இன்னும் தெளிவாக. "அக்கா." சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பது போல டீச்சரைப் பார்த்தார்.

"ஏன் விளக்கு இறக்கல? அது ஒண்ணுதான் நான் கேக்கறது. வேற எதுவும் வேண்டாம் எனக்கு. ஒவ்வொரு நாளும் இறக்குவீங்களே, அன்னிக்கு மட்டும் ஏன்..."

"வி... விளக்கு," என்றார் கிழங்குக்காரர். மறுபடி டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். அவள் பழக்கத்தில் கையைத் தட்டத் தூக்கியவள், அப்படியே கீழே இறக்கிக்கொண்டாள்.

"விடு அவரை," என்றாள் கிழங்குக்காரி. "அவர் அனுப்பல. நான்தான் அனுப்பினேன்."

"என்ன சொல்ற?"

"அவர் லாரிகிட்ட இருந்தாரு. சமையல்காரர் அவசரப்படுத்தினாரு. அவ எண்ணெய் இல்லம்மான்னா. நான்தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டு வான்னேன்." அவள் நிறுத்தினாள். "கன்னத்தை உப்பிக் காட்டிட்டுப் போனா."

"போலீஸ்ல அவர்தானே சொன்னாரு. எல்லாருகிட்டயும் அவர்தானே..."

"உனக்கு ஒருத்தராவது மிச்சம் இருக்கணும்னாரு."

"நான் அவரோட பேசி பதினோரு வருஷம் ஆச்சும்மா."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேட்டுக்கிட்டு இருந்தியா?"

"ஆமா."

வேறு பதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். "நான் தண்ணி கொண்டு வரேன்," என்று யாரும் கேட்காத தண்ணீருக்காக டீச்சரும் போனாள்.

அறையில் லிஃப்ட் ஏறி இறங்குகிற சத்தம் மட்டும் இருந்தது. கிழங்குக்காரர் இன்னும் அந்தக் கிழங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா உங்களுக்கு?" என்றாள். "சொல்லிட்டேன். நீங்க சொல்லாமலே சொல்லிட்டேன்."

அவர் தலையாட்டினார். எதற்கும் ஆட்டுகிற தலை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேஜைக்கு இந்தப் பக்கம், வாங்க வந்தவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"ஏங்க, சர்க்கரைவள்ளி இருக்கா?"

அவர் கை நின்றது.

"இல்ல," என்றார்.

"கையில வச்சிருக்கீங்களே."

"இல்ல." தலையைப் பலமாக ஆட்டினார். இடது கை கிழங்கை இறுக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டது. "இது... விக்... விக்கிறதில்ல."

"ஏன்?"

அவர் யோசித்தார். நெற்றி சுருங்கியது. சொல்லைத் தேடுகிறாரா, காரணத்தைத் தேடுகிறாரா தெரியவில்லை. எங்கெங்கோ போய்விட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. எதற்கென்று அவருக்கே புரியாத மாதிரி, அதைத் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"தெரியல," என்றார்.

கிழங்குக்காரி முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள். 

கதவு திறந்தது. மகன் முகம் கழுவிவிட்டு வந்திருந்தான், ஸ்வெட்டர் கழுத்து நனைந்திருந்தது. அம்மா பக்கம் பார்க்கவில்லை. நேரே போய் அவர் முன் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"வாங்கப்பா. வீட்டுக்குப் போலாம்."

கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தான். கிழங்கு இடைஞ்சலாக இருந்தது. அதை வாங்கி மேஜையில் வைக்கப் போனவனிடமிருந்து, கிழங்குக்காரர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இது விக்கிறதில்ல," என்றார். இந்தத் தடவை திக்கவில்லை.

"சரிப்பா," என்றான் மகன். "விக்க வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க."

தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு, மெல்ல நடத்திக்கொண்டு போனான். கிழங்குக்காரி மேஜையில் கிடந்த இஞ்சியை, சேனைத் துண்டை, பீட்ரூட்டை, முள்ளங்கியை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். தாழ்வாரத்தில் நாலடி தள்ளி அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். வாசல் கதவு தானாக மூடிக்கொள்கிற கதவு. அப்பாவை வெளியே விட்ட பிறகு மகன் அதை ஒரு காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வெளியே வரும்வரை காலை எடுக்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை.